ஏரிக்குள் நின்ற ஒன்பது வருஷம்

அடையாற்றில் அந்தப் பெரிய தோட்டத்தின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. எதிர்ச்சாரியில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் துண்டை விரித்து என் மனைவி செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் புளிச்சோற்றுத் தூக்கு, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில்.

"உக்காருங்க," என்றாள்.

"இருக்கட்டும்."

"கதவு திறக்க இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும்னு வாட்ச்மேன் சொன்னாரு. அது வரைக்கும் நிக்கப் போறியளா?"

"நின்னா என்ன?" என்றேன்.

நின்றால் ஒன்றுமில்லைதான். நிற்பது எனக்கு வேலை. ஆனால் அன்று உட்காரவிடாமல் செய்தது வேலைப் பழக்கம் மட்டுமல்ல, பயமும்தான். காலையிலிருந்து இரண்டு இடத்தில் தோற்றிருந்தேன். இது மூன்றாவது. இதுவும் போனால் மறுநாள் அவள் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவாள். நான் கடை மாடியில் பாயை விரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எப்படி அந்த மரத்தடிக்கு வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிட்டு மறுபடியும் அங்கே வருகிறேன்.

அஷ்டமி லீவு

கடை மாடியிலேயே ஒன்பது வருஷம் படுத்துக் கிடந்தவன் எப்போது குடும்பஸ்தன் ஆனான் என்று போன வாரத்துக் கட்டுரையைப் படித்த சிலர் கேட்டிருந்தார்கள். ஓர் அஷ்டமி அன்று என்பதுதான் பதில்.

தி.நகர் ஜவுளிக்கடைகளில் அப்போது வேலை பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் தெற்கத்திப் பக்கத்துக்காரர்கள். கீழே கடை, மேலே மெஸ், அதற்கும் மேலே படுக்கை. காலையில் மாடிப்படி இறங்கினால் வேலை, இரவு மாடிப்படி ஏறினால் தூக்கம். கல்யாணம் ஆனவர்களின் மனைவிமார் ஊரில் இருப்பார்கள். தீபாவளி முடிந்து நாலு நாள், பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் ஊருக்குப் போய் வரலாம். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நானும் செல்லக்கனியும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு மாதம் தேறாது.

சித்திரை, வைகாசி முகூர்த்தக் காலத்தில் லீவு கேட்பதும் முதலாளியின் கல்லாவில் உட்கார அனுமதி கேட்பதும் ஒன்றுதான். ஆனால் அஷ்டமி, நவமி மட்டும் விதிவிலக்கு. அந்த இரண்டு நாளும் முகூர்த்தப் பட்டு எடுக்க யாரும் வரமாட்டார்கள். கூட்டம் குறைந்திருக்கும். ஆகவே எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கிடையாது. காலண்டரில் அஷ்டமி என்று போட்டிருந்தால்தான் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். ஊருக்கெல்லாம் ஆகாத நாள், எங்களுக்கு அதுதான் நல்ல நாள்.

"அஷ்டமிக்குப் போயிக்கோடே," என்றார் எங்கள் சேலைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அண்ணாச்சி. "நவமிக்குக் காலையில கவுண்டர்ல நிக்கணும்."

அவள் போட்ட நிபந்தனை

செல்லக்கனிக்குச் சென்னை பிடிக்காது. காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு தடவை வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். அது தண்ணீர்ப் பஞ்சக் காலம். தெருமுனையில் லாரி வந்து நிற்கும் முன்பே பிளாஸ்டிக் குடங்கள் நிறம் நிறமாக வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் அவள் குடத்தை யாரோ காலால் தள்ளிவிட்டார்கள். ஊருக்குப் போய் எழுதினாள், ஒரு குடம் தண்ணிக்குச் சண்டை போட வேண்டிய ஊரில் எப்படிக் குடியிருப்பது என்று.

இந்தத் தடவை நான் மயிலாப்பூர் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டு அறையைப் பார்த்து வைத்திருந்தேன். வீட்டுக்காரர் ஒரு பாட்டு டீச்சர் மாமி. அவர் அஷ்டமி சாயங்காலம் வரை எங்களுக்காகப் பொறுத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் செல்லக்கனி சரி என்று சொல்ல வேண்டும்.

கூட வேலை பார்த்த முருகேசன், பள்ளிக்கூட லீவுக்குத் தன் குடும்பம் ஊருக்குப் போயிருந்ததால், மேற்கு மாம்பலத்தில் தன் அறைச் சாவியை ஒரு வாரத்துக்குக் கொடுத்திருந்தான். அங்கேதான் தங்கியிருந்தோம். முதல் நாளே அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு நல்ல நிழலும் ஒரு நல்ல தண்ணியும் காட்டுங்க. பெறவு சொல்லுதேன்."

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. மூன்று வருஷமாக இன்லண்ட் லெட்டரில் நான் அவளுக்கு நிழலும் தண்ணீருமாகத்தான் எழுதித் தள்ளியிருந்தேன். மயிலாப்பூர் பூங்காவில் சாயங்காலம் நடப்பேன் என்று ஒரு கடிதம். சித்திரக்குளத்தில் படி தெரியாமல் தண்ணீர் கிடக்கிறது என்று ஒரு கடிதம். முருகேசன் ஏரிக்கரையில் குடியிருக்கிறான், லேக் வியூ ரோடு என்று அதற்குப் பெயர், ஏரிக் காத்து என்னமாய் வருகிறது என்று இன்னொரு கடிதம்.

எதையும் நான் பார்த்ததில்லை. சேலை எடுக்க வரும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் காதில் வாங்கி எழுதியவை அவை. "பார்க்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன்" என்று ஓர் அம்மாள் சொன்னால், அன்று இரவு என் கடிதத்தில் நான் ஒரு ரவுண்டு போயிருப்பேன். கடை திறக்கும் நேரத்துக்கும் மூடும் நேரத்துக்கும் நடுவில் இந்த ஊரில் சூரியன் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

வந்த அன்று காலையில், நான் கடைக்குக் கிளம்பும் முன்பே கேட்டாள், "ஏரி எங்க?"

லேக் வியூ ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கூட்டிக்கொண்டு நடந்தேன். மாவு மில், சைக்கிள் கடை, பள்ளிக்கூடம், மறுபடியும் ஒரு மாவு மில். ஏரி இல்லை. மில்காரரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அரவையைத் தொடர்ந்தார். செல்லக்கனி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால்தான் எனக்குப் பயம்.

சும்மா சுற்றுகிறவர்கள்

அஷ்டமி அன்று விடிந்தும் விடியாமலும் லஸ் பக்கத்துப் பூங்காவுக்குப் போனோம். கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரை ஒட்டியே பாதி சுற்றினேன். கடைசியில் பூ விற்கிற பெண் வழி காட்டினாள். செல்லக்கனி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

உள்ளே போனதும் அதை மறந்துவிட்டோம். கொன்றை பூத்துக் கிளையே தெரியாமல் மஞ்சளாகத் தொங்கியது. தரையெல்லாம் உதிர்ந்த பூ. நாகலிங்க மரத்தின் அடியில் ஒரு வாசனை, இனிப்பும் பழவாடையுமாக, அந்த இடத்தை விட்டு நகர விடவில்லை. நடுத்தர வயது மாமிகள் மடிசாரோ பட்டோ கட்டாமல், சாதாரண வாயில் நூல் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு கான்வாஸ் ஷூ போட்டு விறுவிறுவென்று போனார்கள்.

"இவுகள்லாம் எங்க இவ்வளவு வேகமா போறாவ?"

"எங்கயும் போகல. இதையேதான் சுத்துறாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள், "நீங்க இங்க வந்ததே இல்ல. அப்படித்தான?"

"ஆமா."

"ஒம்பது வருசமா என்னத்தப் பாத்திய?"

"சேலை," என்றேன்.

கோபப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை. ஒரு பெஞ்சைத் தேடி உட்கார்ந்தாள். நான் பெஞ்சின் பின்னால் நின்றேன். நிழல் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். எனக்கு உயிர் வந்தது. அதற்குள் காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்துவிட்டார். வெயில் ஏறினால் பூங்காவைச் சாத்திவிடுவார்களாம். சாயங்காலம்தான் திறப்பார்களாம்.

வெளியே வந்ததும் செல்லக்கனி பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெயில் நேரத்துக்கு நிழலப் பூட்டி வைக்கிறாவளே," என்றாள்.

அங்கிருந்து நடந்து மாமி வீட்டுக்குப் போய் அறையைப் பார்த்தோம். சின்ன அறை, பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு பவழமல்லி. முன் கூடத்தில் இரண்டு பெண் குழந்தைகளுக்கு மாமி வீணை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "வாங்கோ, உக்காருங்கோ," என்றார். செல்லக்கனி பாயில் உட்கார்ந்தாள். நான் தூணோரம் நின்றேன். "நீங்களும் உக்காருங்கோளேன்," என்றார் மாமி. இருக்கட்டும் என்றேன். "சரி, சாயங்காலம் விளக்கு வைக்கறதுக்குள்ள சொல்லிடுங்கோ. இன்னொருத்தர் கேட்டுண்டே இருக்கா."

அடுத்த தெருதான் சித்திரக்குளம். படி தெரியாமல் தண்ணீர் கிடப்பதாக நான் எழுதிய குளம். எல்லாப் படியும் தெரிந்தது. அடிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுக்குளத்தில் ஸ்டம்பு நட்டு இளவட்டங்கள் கிரிக்கெட் ஆடினார்கள். செல்லக்கனி மேல்படியில் நின்று ஓர் ஓவர் முழுக்கப் பார்த்தாள். பிறகு, "போலாமா?" என்றாள்.

எது தி.நகர்

இப்படித்தான் நண்பகலில் அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்தோம். அடையாற்றின் அந்தத் தோட்டத்துக்குள் உலகத்திலேயே பெரிய ஆலமரங்களில் ஒன்று இருப்பதாக ஒரு வாடிக்கையாளர் பேசிக் கேட்டிருந்தேன். ஆனால் அங்கேயும் காலையில் கொஞ்ச நேரம், மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள் என்பதை அந்த அம்மாள் பேசவில்லை.

மரத்தடியில் ஓர் ஆட்டோவும் நின்றது. டிரைவர் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இன்னா நைனா, அந்தம்மா அவ்ளோ சொல்லுது, குந்தேன்," என்றார்.

அன்று மூன்று தமிழில் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

எந்த ஊர், எங்கே வேலை என்று விசாரித்தார். செல்லக்கனி சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டாள், "அண்ணே, இந்த ஊர்ல ஏரியே கிடையாதா? லேக் வியூ ரோடுன்னு பேரு வச்சிருக்காவ, அங்க ஒரு குட்டை கூட இல்ல."

டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். "ஏரி இல்லாத இன்னாம்மா. நல்லா கீது உன் கேள்வி. எங்க தாத்தா அந்த ஏரில மீன் புட்ச்சது. மாம்பலத்துலேர்ந்து நந்தனம் வரிக்கும் ஏரிதான். கடல் மாரி கெடக்குமாம். அத்தத் தூத்துத்தான் தி.நகரையே கட்னாங்கோ."

"எது, தி.நகரா?" என்றேன்.

"தி.நகர்தான். நீ வேல செய்ற கட கீதே, அது கரைல கூட இல்ல நைனா. ஏரி உள்ளதான் கீது. இம்மா நாளா ஏரிக்குள்ளதான் நின்னுக்கினு கீற."

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். நான் நிற்கும் கவுண்டர், பின்னால் அடுக்கியிருக்கும் பட்டு, மேலே மெஸ், அதற்கும் மேலே நாங்கள் பாய் விரிக்கும் ஹால் எல்லாவற்றையும் மனசுக்குள் ஒரு தடவை பார்த்தேன். அதற்கடியில் தண்ணீர் இருந்திருக்கிறது. கொக்கு நின்றிருக்கிறது. என் அலமாரி இருக்கும் இடத்தில் ஒருத்தர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது வருஷம் தினமும் கூட்டிப் பெருக்கிய தரையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

செல்லக்கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நீங்க லெட்டர்ல எழுதினது முழுப் பொய் இல்ல," என்றாள்.

பச்சைக்குப் பெயர் தீர்ந்த இடம்

இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் தெருச் சத்தம் அப்படியே நின்றுபோனது. சிவப்பு மண் பாதை. இரண்டு பக்கமும் மரங்கள். ஹாரன் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிளிகள் கத்துவது கேட்டது, காய்ந்த இலை உருண்டு போவது கேட்டது, பக்கத்தில் செல்லக்கனியின் வளையல் சத்தம் கேட்டது. அவள் வளையல் போட்டிருப்பதையே அப்போதுதான் கவனித்தேன்.

ஜவுளிக்கடைக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் நிறத்துக்குப் பெயர் சொல்லுவான். பச்சை என்று எங்கள் கடையில் யாரும் சொல்லமாட்டோம். கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை, மயில்கழுத்து. வாடிக்கையாளர் பாதி சொல்லும்போதே கை சரியான அடுக்குக்குப் போய்விட வேண்டும். முதல் இரண்டு வருஷம் அண்ணாச்சி எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரும்பகுதி பச்சைதான்.

அந்தப் பாதையிலும் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு மரமாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனேன். செல்லக்கனி சோதித்துப் பார்த்தாள். "அது?" ராமர் பச்சை. "இது?" பாசி. "அந்தத் தளிரு?" மாந்துளிர், பச்சையில் சேராது, அரக்குப் பக்கம். ஓர் இலையைப் பிடித்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் தேய்த்துப் பார்த்தேன். "நூலா, பட்டா?" என்று கேலி செய்தாள்.

அப்படியே போய்க்கொண்டிருந்ததில் வெளிச்சம் மாறிவிட்டது. எப்போது மாறியது என்று தெரியவில்லை. வெயில் இல்லை, ஆனால் இருட்டும் இல்லை. மேலேயிருந்து வந்த வெளிச்சம் இலைக்குள் புகுந்து வந்ததால் அதுவே பச்சையாக இருந்தது. அவள் முகத்தில் பச்சை, என் சட்டையில் பச்சை. அந்தப் பச்சைக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. எங்கள் கடையில் அந்த அடுக்கு இல்லை.

சுற்றிலும் தூண் தூணாக அடிமரங்கள். ஒரு தோப்புக்குள் வந்துவிட்டோம் என்று நினைத்தோம். தூரத்தில் ஒரு தோட்டக்காரர் சருகு வாரிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பெரிய ஆலமரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் செல்லக்கனி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குள்ளதாம்மா நிக்கறீங்கோ," என்றார்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். அத்தனை தூணும் மேலே போய் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. கிளையிலிருந்து விழுது, விழுது மண்ணைத் தொட்டு மரமாகி, அதிலிருந்து கிளை, அந்தக் கிளையிலிருந்து விழுது. தோப்பு என்று நினைத்தது முழுக்க ஒரே மரம். கை தானாக மார்புக்கு வந்தது. செல்லக்கனி கும்பிட்டேவிட்டாள். சாமி ஒன்றும் அங்கே இல்லை, ஆனால் கும்பிடாமல் நிற்க முடியவில்லை.

"எது அடிமரம்?" என்று கேட்டேன்.

தோட்டக்காரர் நடுவில் ஒரு வெற்றிடத்தைக் காட்டினார். "அது ஒரு காத்துல சாஞ்சு போச்சுங்கோ, சில வருசம் ஆவுது. இப்ப நீங்க பாக்கறது அல்லாம் விழுதுதான். அது போனாலும் இதுங்க தாங்கிக்கிச்சு."

மரம் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று செல்லக்கனி கிளம்பினாள். நான் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பினால் அவள் இல்லை. கூப்பிட்டேன். பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் போனால் குரல் இன்னொரு விழுதுக்குப் பின்னாலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை. நாளைக்கு இந்த நேரம் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. கூப்பிட்டால் பதில் கேட்க ஒரு கடிதம் போய் இன்னொரு கடிதம் வர வேண்டும்.

கடைசியில் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கண் விரிந்திருந்தது. ரகசியம் போல, "முடியவே இல்ல," என்றாள்.

தாமரைக் குளம்

அந்தத் தோட்டத்துக்குள் எல்லா மதத்துக்கும் ஒரு கோயில் உண்டு. புத்தருக்குக் கட்டிய சின்னக் கோயிலின் முன்னால் ஒரு தாமரைக் குளம். குளம் என்றால் பெரிய குளமில்லை. நாலு எட்டில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. இலை மேல் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. மதியமாகிவிட்டதால் பூக்கள் கூம்ப ஆரம்பித்திருந்தன.

செல்லக்கனி கரையில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விட்டாள். நான் நின்றேன்.

"இப்ப உக்காரப் போறியளா, நான் எந்திரிச்சிரட்டுமா?" என்றாள்.

கோபக் குரல்தான். உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றி, பேண்டை முழங்கால் வரை சுருட்டி, காலை நீட்டினேன். அப்போதுதான் நான் யோசிக்காமல் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

எங்கள் கடையில் உட்காரக் கூடாது. மெத்தை விரித்து உட்கார்ந்து சேலை காட்டிய காலம் போய்க் கவுண்டர் வந்துவிட்ட காலம் அது. உட்கார்ந்திருக்கும் விற்பனையாளனைப் பார்த்தால் வாடிக்கையாளர் படியேற மாட்டார் என்பது முதலாளியின் நம்பிக்கை. கூட்டமே இல்லாத அஷ்டமியிலும் நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், அதில்தான் பெஞ்சு. நாலைந்து வருஷத்தில் எல்லாருக்கும் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வது கூட இல்லை. நிறத்துக்கெல்லாம் பெயர் வைத்திருந்தோம், இதற்கு வைக்கவில்லை.

ஊருக்குப் போகும் நாலு நாளும் வேட்டி தழையக் கட்டியிருப்பேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் என் காலைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான். இரண்டு கெண்டைக்காலிலும் நீலமாக, முடிச்சு முடிச்சாக, கயிறு மாதிரி நரம்பு புடைத்திருந்தது.

பேண்டை இறக்கிவிடப் போனேன். அவள் கையைத் தட்டிவிட்டாள். ஈரக்கையாலேயே அந்த முடிச்சைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

"வலிக்குமா?"

"ராத்திரி கொஞ்சம்."

"லெட்டர்ல எழுதலியே."

ஏரி, குளம், பூங்கா என்று பார்க்காததையெல்லாம் எழுதியவன், தினமும் பார்த்ததை எழுதவில்லை. அவள் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளி என் காலில் விட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தவளை இலையிலிருந்து குதித்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. தோட்டத்தைச் சாத்தும் நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருஷத்தில் அவ்வளவு நேரம் நான் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது ரயிலில்தான்.

பாலத்தின் மேல்

வெளியே வந்து அடையாறு பாலத்தின் மேல் நடந்தோம். அவள் பேசாமல் வந்தாள். அவள் மௌனத்துக்கு நான் ஒரே ஓர் அர்த்தம்தான் வைத்திருந்தேன். மனைவியைச் சென்னையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, சென்னை என்னை என்ன செய்திருக்கிறது என்பதைக் காட்டிவிட்டேன். இனி எந்தப் பெண் இந்த ஊருக்கு வருவாள்? வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வாங்க என்று சொல்லப் போகிறாள்.

நடுப்பாலத்தில் அவளாகவே நின்றாள். கிழக்கே ஆறு கடலில் சேரும் இடத்தில் கடல் ஏறி வந்திருந்தது. நண்பகலில் பஸ்ஸில் வந்தபோது நான் மூக்கைப் பொத்திக்கொண்ட இடம். இப்போது கண்ணெட்டும் தூரம் தண்ணீர். நடுவில் மணல் திட்டு, திட்டு முழுக்கக் கொக்கும் நாரையும். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஒரு பக்கம் பார்த்தால் நீலம், கொஞ்சம் தலையைத் திருப்பினால் தாமிரம். டபுள் கலர் பட்டைப் பிரித்து வீசினால் அப்படித்தான் இருக்கும், ஆனால் அந்த அகலத்துக்கு எந்தத் தறியும் கிடையாது. எங்கேயோ ஒரு சத்தம் கேட்டு அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழும்பின. வானம் ஒரு நொடி வெள்ளையாகி மறுபடியும் வானமானது.

இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னால் பஸ்கள் போகும்போது பாலம் அதிர்ந்தது.

"நாத்தம் இருக்கு," என்றாள் செல்லக்கனி. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா தண்ணிதான்," என்றாள்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் ஏறி மந்தைவெளியில் இறங்கினோம்.

விளக்கு வைக்கும் நேரம்

மாமி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். "வாங்கோ. தீர்மானம் பண்ணிட்டேளா? அந்த மனுஷர் மத்தியானமும் வந்துட்டுப் போனார்."

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் அதை அவளே சொல்லட்டும் என்று தூணோரம் ஒதுங்கினேன்.

செல்லக்கனி நேரே பின்கட்டுக்குப் போனாள். அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கிணற்றடிப் பவழமல்லியைப் பார்த்தாள். ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் காலால் எட்டு வைத்து அளந்தாள். காலையில் பார்த்த அதே அறைதான். இப்போது எதை அளக்கிறாள் என்று மாமியும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

திரும்பி வந்து மாமி முன்னால் நின்றாள்.

"மாமி, அந்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி போடுததுக்கு இடம் இருக்குமா?"

மாமி சிரித்தார். "ஒண்ணு என்னடி கொழந்தே, பேஷா ரெண்டு போடலாமே."

"ஒண்ணு போதும். நான் தரையில உக்காந்துக்கிடுவேன். இவுகளுக்குத்தான்," என்றாள் செல்லக்கனி. "கடையில இருந்து வந்ததும் உக்காருங்கன்னு சொல்லுததுக்கு இந்த ஊர்ல ஓர் ஆள் வேணுமில்லா?"

மாமி உள்ளே போய் விளக்கை ஏற்றினார். செல்லக்கனி என் பக்கம் திரும்பினாள். அப்போதும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.